அஞ்சல் பெட்டியில் அப்பாவின் பெயர்: ஜெர்மனி மாணவர் விசா அனுபவம்

ஊரிலிருந்து போன் செய்கிற தம்பி தங்கைகள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, விசா கிடைக்க எவ்வளவு நாள் ஆகும்?" கிடைத்த விசாவை எப்படிக் காப்பாற்றுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. 2023இல் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பியபோது நானும் கேட்கவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை என் தங்கையின் கல்யாணம். மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டிய மச்சான் நான். என் இடத்தில் சித்தப்பா மகன் நின்று போட்டான். நான் ஜெர்மனியில், விடுதி அறையில், போன் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை, கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் எங்கள் லேத் பட்டறையில் தொடங்குகிறது.

2021இல் மெக்கானிக்கல் முடித்தேன். இரண்டு அரியர் இருந்தது, கடைசி செமஸ்டரோடு சேர்த்து முடித்துவிட்டேன். அதன் பிறகு ஒன்றரை வருடம் அப்பாவோடு பட்டறையில் நின்றேன். சம்பளச் சீட்டு கிடையாது, நியமனக் கடிதம் கிடையாது. ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கலாம் என்று முடிவெடுத்து ஒரு கன்சல்டன்சிக்குப் போனபோது, அங்கே இருந்தவர் என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "தம்பி, இந்த ஒன்றரை வருஷம் காலியா இருக்கு. எம்பசியில கேப்-னு தூக்கிப் போட்டுருவாங்க. பீளமேட்டுல தெரிஞ்ச கம்பெனி இருக்கு, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் வாங்கிக்கலாம்."

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கையில் இருந்த வெர்னியரைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங் கண்ணு, நீ வேலை பாத்தது எங்கிட்டத்தானே? வேற ஒருத்தன் கையெழுத்து எதுக்கு?"

அந்த ஒரு கேள்வி என்னைக் காப்பாற்றியது. அப்பாவின் லெட்டர்பேடில், ஜி.எஸ்.டி. எண்ணோடு, நான் என்ன வேலை செய்தேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதி வாங்கினேன். எஸ்.ஓ.பி., அதாவது இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று நாம் எழுதும் கடிதம். அதற்குக் கன்சல்டன்சியில் கொடுத்த மாதிரியில் என் பெயரை மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும். அதை வைத்துவிட்டு நானே உட்கார்ந்து எழுதினேன். பம்பு ஷாஃப்ட் ஒரு லாட் முழுக்க அளவு தவறிப்போய்த் திரும்பி வந்தது, மெஷின் சூடேறினால் அளவு நகர்கிறது என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, அதை அளந்து கட்டுப்படுத்துகிற படிப்புதான் எனக்கு வேண்டும், அந்தப் பல்கலைக்கழகத்தில் இந்த இந்தப் பாடத்தில் அது இருக்கிறது. ஒன்றரைப் பக்கம்தான் வந்தது. காலியான வருடம் என்று அவர் சொன்ன வருடம்தான் என் விண்ணப்பத்தில் நான் எங்கேயும் தடுமாறாமல் பேசக்கூடிய பகுதியாக இருந்தது. இடைவெளி இருந்தால் மறைக்காதீர்கள். நீங்கள் நிஜமாகச் செய்ததை எழுதுங்கள். பொய்ச் சான்றிதழ் பிடிபட்டால் ஒரு விண்ணப்பத்தோடு போகாது, உங்கள் பெயரின் மேல் நிற்கும்.

2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். நம்முடைய மதிப்பெண் பட்டியலும் பட்டமும் உண்மையானவைதானா என்று டெல்லியில் இருக்கும் ஏ.பி.எஸ். அலுவலகம் சரிபார்த்துக் கொடுக்கும் சான்று அது. கட்டணம் 18,000 ரூபாய். நான் விண்ணப்பித்தபோது அது வந்த புதிது, கூட்டம் அதிகம், கிட்டத்தட்ட மூன்று மாதம் ஆனது. அட்மிஷன் வந்த பிறகு இதற்குப் போடலாம் என்று காத்திருந்த என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கு அந்த செமஸ்டரே கைநழுவியது. பாஸ்போர்ட், அதன் பிறகு ஏ.பி.எஸ்., மற்றதெல்லாம் அதற்குப் பின்னால். இந்த வரிசை மாறக் கூடாது.

பாஸ்போர்ட்டில் பெயர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் ஊரில் இனிஷியல்தான் பழக்கம். மதிப்பெண் பட்டியலில் இனிஷியலும் பெயரும், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பாவின் முழுப் பெயர், ஆதாரில் இன்னொரு மாதிரி. ஜெர்மனியில் முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் இல்லாமல் ஒரு படிவமும் நகராது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் நண்பர்கள் ஒவ்வொரு கவுண்ட்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நான் இரண்டும் ஒருவரே என்று நோட்டரியில் அஃபிடவிட் வாங்கி எல்லா இடத்திலும் சேர்த்து வைத்தேன். பல்கலைக்கழக விண்ணப்பம், பிளாக்டு அக்கவுண்ட் (செலவுப் பணத்தை மொத்தமாகப் போட்டு மாதா மாதம் எடுக்கும் கணக்கு), இன்சூரன்ஸ், விமான டிக்கெட், எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இருக்கிற அதே எழுத்து, அதே இடைவெளி. அவ்வளவு கவனமாக இருந்த நான்தான் கடைசியில் ஒரு தகரப் பெட்டியில் கோட்டை விட்டேன். அதற்கு வருகிறேன்.

அடுத்தது பணம். ஜெர்மனி அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, அதனால் செலவில்லாத படிப்பு என்று ஊரில் பேச்சு. ஆனால் ஒரு வருடம் சாப்பிட்டு, தங்கி, வாழத் தேவையான பணத்தை முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட்டில் போட்டுக் காட்ட வேண்டும். நான் போன வருடம் அது 11,208 யூரோ, மாதத்துக்கு 934. 2024 செப்டம்பர் முதல் 11,904, மாதத்துக்கு 992. அன்றைய மதிப்பில் எனக்குப் பத்து லட்சத்தைத் தாண்டியது. அப்பாவின் சேமிப்பு பாதி, அம்மாவின் நகைக்கடன் கால், மீதி சித்தப்பாவிடம் கைமாற்று.

அப்பா எங்கள் வங்கிக்குப் போய், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ஏ2 படிவம் நிரப்பி, சரியாக 11,208 யூரோ அனுப்பினார். போய்ச் சேர்ந்தது 11,190. நடுவில் ஒரு வங்கி 18 யூரோவைக் கட்டணமாக எடுத்துக்கொண்டது. அந்த 18 யூரோ குறைந்ததால் உறுதிக் கடிதம் வரவில்லை. விசா விண்ணப்பத்தை நேரில் வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் எனக்குக் கொடுத்த தேதிக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. மறுபடி வங்கி, மறுபடி படிவம், இந்த முறை ஐம்பது யூரோ அனுப்பினோம். அது போய்ச் சேர்ந்து கடிதம் வர ஏழு நாள். அந்த ஏழு நாளும் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நீங்கள் அனுப்பும்போது எல்லாக் கட்டணமும் அனுப்புபவரே ஏற்பது என்று கவுண்ட்டரில் வாய்விட்டுச் சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள், கூடவே ஐம்பது நூறு யூரோ சேர்த்தே அனுப்புங்கள். கூடுதலாகப் போன பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கும்.

வங்கி டி.சி.எஸ். என்று முன்கூட்டியே வரியாக ஒரு தொகையும் பிடித்தது. அப்போது 7 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு 5 சதவீதம், எங்களுக்குப் பதினாறாயிரம் சொச்சம். 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. அந்தப் பணம் எங்கேயும் போய்விடாது. யாருடைய பான் எண்ணில் அனுப்பினோமோ அவர் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கேட்டு வாங்கலாம். அப்பா வாங்கினார். எங்கள் ஆடிட்டர் சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

இந்தப் பணத்தைப் பற்றி ஒரு விஷயத்தைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சில ஏஜென்ட்டுகள், "பணம் நாங்க போடறோம், விசா வந்ததும் வட்டியோட திருப்பிக் குடுங்க" என்பார்கள். பிளாக்டு அக்கவுண்ட்டில் இருந்து மாதா மாதம்தான் பணம் வெளியே வரும். அப்படி வாங்கி வந்த ஒரு பையன் எங்கள் விடுதியில் இருந்தான். மாதம் 934 யூரோ வந்ததும் 600ஐ ஊருக்கு அனுப்பிவிடுவான். வாடகை 310. மெடிக்கல் இன்சூரன்ஸ் 120க்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரில் விவசாயம் பார்க்கும் அவன் அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் முறை வைத்து அவனுக்குச் சாப்பாடு கொடுத்தோம். படிக்க வந்தவன் முதல் செமஸ்டரில் ஒரு பரீட்சைகூட எழுதவில்லை. அந்தப் பணம் அதிகாரிக்குக் காட்டுவதற்காகக் கேட்கப்படுவதில்லை. தெரியாத ஊரில் நீங்கள் பட்டினி கிடக்காமல் இருக்கக் கேட்கப்படுகிறது. வீட்டில் அந்தப் பணம் புரட்ட முடியவில்லை என்றால் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு வருடத்தில் ஒன்றும் கெட்டுவிடாது.

வி.எஃப்.எஸ். நாளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சென்னைக்கு முந்தின இரவே ரயிலேறிவிடுங்கள். எல்லாத் தாளும் இரண்டு செட், அவர்களுடைய பட்டியலில் இருக்கிற அதே வரிசையில். கட்டணம் 75 யூரோ, ரூபாயில் கட்டலாம். எனக்கு ஐந்து வாரத்தில் வந்தது. அதன் பிறகு நடைமுறை மாறிவிட்டது. 2025 முதல் விண்ணப்பத்தை முதலில் ஆன்லைனில் ஏற்ற வேண்டும், அங்கே சரிபார்த்த பிறகுதான் நேரில் போகும் நாள். இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கலாம். என் தோழி ஒருத்தி அப்படி எழுதித்தான் வந்தாள். 2025 ஜூலை 1 முதல் அந்த வழி கிடையாது. மறுத்தால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், இல்லையென்றால் பெர்லினில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். முதல் முறையே சரியாகப் போட வேண்டிய காலம் இது.

விசா ஒட்டின பாஸ்போர்ட்டைப் பூஜை அறையில் வைத்து அம்மா கும்பிட்டார். நானும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அந்த ஸ்டிக்கரில் செல்லுபடி ஆறு மாதம் என்று இருந்தது. படிப்பு இரண்டு வருடம். மீதி ஒன்றரை வருடத்துக்கு என்ன என்பதை நான் யோசிக்கவே இல்லை.

ஜெர்மனியில் இறங்கியதும் வீட்டு முகவரியை இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் பதிய வேண்டும். அன்மெல்டுங் என்பார்கள். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதித் தாள் இல்லாமல் அது நடக்காது. அதனால் "பதிவு பண்ண முடியாது, ஆனா வாடகை கம்மி" என்று யாராவது அறை காட்டினால் போகாதீர்கள். அந்தப் பதிவை வைத்துத்தான் மற்றதெல்லாம் வரும்: வரி எண், பெரும்பாலான வங்கிகளில் கணக்கு, அதன் வழியாக பிளாக்டு அக்கவுண்ட்டின் மாதப் பணம், கடைசியில், விசா முடிந்த பிறகு தங்குவதற்கான ரெசிடென்ஸ் பெர்மிட். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். முதல் மாதப் பணம் கைக்கு வர ஐந்து வாரம் ஆனது, கையில் கொண்டுபோன 800 யூரோ காப்பாற்றியது.

விடுதியில் நான்கு பேருக்கு ஒரு வீடு, கீழே வாசலில் ஒரு தகர அஞ்சல் பெட்டி. ஏற்கெனவே மூன்று பெயர் ஒட்டியிருந்தது. நான் ஒரு துண்டுத் தாளில் எல்லாரும் என்னைக் கூப்பிடுகிற சுருக்கப் பெயரைப் பேனாவில் எழுதி ஒட்டினேன். நம் ஊர்த் தபால்காரர் ஆளை வைத்து, அப்பா பெயரை வைத்து, டீக்கடையில் விசாரித்தாவது கடிதத்தைச் சேர்த்துவிடுவார். இங்கே கடிதத்தில் அறை எண் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தெரு, வீட்டு எண், பெயர். பெட்டியில் அந்தப் பெயர் இருந்தால் கடிதம் உள்ளே விழும். இல்லையென்றால் திரும்பிப் போகும்.

என் விசா 2024 மார்ச் கடைசியில் முடிகிறது. டிசம்பரிலேயே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எல்லாத் தாளையும் மின்னஞ்சலில் அனுப்பி ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்தேன். தானியங்கிப் பதில் வந்தது. சரி, கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். ஜனவரி போனது, பிப்ரவரி போனது. மார்ச் இரண்டாம் வாரம் பயம் வந்து, காலை ஆறு மணிக்குக் குளிரில் வரிசையில் நின்று உள்ளே போனேன். அந்த அம்மா கம்ப்யூட்டரில் பார்த்தார், எழுந்து போய் ஒரு கோப்பை எடுத்து வந்தார், அதற்குள் இருந்த ஓர் உறையை என் முன்னால் வைத்தார். ஜனவரி கடைசியில் எனக்குக் கொடுத்திருந்த நேரம். மேலே மஞ்சள் ஸ்டிக்கர்: பெறுநர் தெரியவில்லை.

உறையில் "ஹெர்" (நம் "திரு") என்று போட்டு அப்பாவின் பெயர். இந்த ஊரில் நான் யார் என்றால் அதுதான். பல்கலைக்கழகத்தில், வங்கியில், மருத்துவர் வாசலில், எல்லா இடத்திலும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். முதல் சில வாரம் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பேன். அந்தப் பெயர்தான் பெட்டியில் இல்லை.

வராததால் விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிட்டார்கள். அன்றைக்கே அங்கேயே மறுபடி எழுதிக் கொடுத்தேன். அடுத்த நேரம் ஜூன் 11 என்றார்கள். விசா முடிவதற்குள் விண்ணப்பித்துவிட்டால் முடிவு வரும்வரை சட்டப்படி இங்கே இருக்கலாம், படிக்கலாம், அதில் சிக்கல் இல்லை. ஆனால் அதை நிரூபிக்கிற தாள் ஒன்று உண்டு, ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் என்று பெயர். அது கையில் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வரும்போது விமானத்திலேயே ஏற்ற மாட்டார்கள். அந்தத் தாளையும் ஜூனில்தான் தர முடியும் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் இன்டர்நேஷனல் ஆபீஸ் எனக்காக எழுதிக் கேட்டுப் பார்த்தது. கிடைக்கவில்லை.

தங்கைக்கு வைகாசியில் முகூர்த்தம். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, என் பெயர் போட்டாகிவிட்டது. போன் செய்து சொன்னபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. "படிப்பப் பாரு அண்ணா" என்றாள். அம்மாதான் கேட்டார், "ஒரு வாரம் வந்துட்டுப் போயிடலாமே சாமி, கேட்டுப் பாரேன்." எப்படி விளக்குவது? எந்த அதிகாரியும் என்னை வேண்டுமென்று தடுக்கவில்லை. ஒரு துண்டுத் தாளில் ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஜூனில் போனபோது அந்த ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங் தாளில் மூன்று கட்டங்கள் இருப்பதைப் பார்த்தேன். மூன்றாவது கட்டத்தில் குறி இருந்தால்தான் பழைய அனுமதி அப்படியே தொடர்கிறது என்று அர்த்தம், அதை வைத்து வெளியே போய்த் திரும்பலாம். வாங்கும்போதே கவுண்ட்டரில் நின்று எந்தக் கட்டத்தில் குறி என்று பாருங்கள். கேள்வி இருந்தால் அங்கேயே கேளுங்கள், வெளியே வந்த பிறகு அடுத்த நேரம் கிடைக்க மாதக்கணக்காகலாம். ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குக் கட்டணம் 100 யூரோ, அதன் அட்டை பெர்லினில் அச்சாகி வர சில வாரம். எனக்கு ஆகஸ்டில் கைக்கு வந்தது.

இங்கே வந்த பிறகு நம் ஊர் மாணவர்களை அதிகம் சாய்ப்பது இன்னொன்று, அதைப் பற்றி விசா ஏஜென்ட் யாரும் பேச மாட்டார். பரீட்சை. அண்ணா பல்கலைக்கழகத்தில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டரில் எழுதலாம், அதற்கும் அடுத்ததில் எழுதலாம். அரியரைப் பார்த்து நமக்குப் பயம் கிடையாது. ஜெர்மனியில் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. படிப்பு போனால் ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்குக் காரணமே போய்விடுகிறது.

எனக்குக் கட்டுப்பாட்டுப் பொறியியல் பாடத்தில் இரண்டு முறை போனது. முதல் முறை தயாராகாமலே, எழுதித்தான் பார்ப்போமே என்று நம் ஊர்ப் பழக்கத்தில் உட்கார்ந்தேன். குறிப்பிட்ட தேதிக்குள் பதிவை ரத்து செய்திருந்தால் அது வாய்ப்பாகவே கணக்கில் வந்திருக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கிக் கொடுத்தால் அதையும் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மூன்றாவது முறைக்கு முன்னால் நான்கு மாதம் பகுதிநேர வேலையை நிறுத்தினேன். பேராசிரியரின் உதவியாளரிடம் நேரில் போய், என் பழைய விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அது நம் உரிமை, தேதி அறிவித்துக் காட்டுவார்கள். எங்கே தப்பு என்று தெரிந்ததும் பாதி பயம் போனது. பாஸ் ஆனேன். முடிவு வந்த அன்று அப்பாவிடம் முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான்கு மாதம் தனியாகத் தூக்கிச் சுமந்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

வேலை விஷயத்தில் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நான் வந்தபோது மாணவர்களுக்கு வருடத்துக்கு 120 முழு நாள் அல்லது 240 அரை நாள். 2024 மார்ச் 1 முதல் 140, 280. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை என்றும் கணக்கிடலாம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிடைக்கும் உதவியாளர் வேலை இந்தக் கணக்கில் வராது, படிப்புக்கும் அதுதான் நல்லது. நான் முதல் நாளிலிருந்து ஒரு நோட்டில் தேதி, மணி எழுதி வைத்தேன். ஊரில் அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர், "லேப்டாப்லதானே, ராத்திரி உக்காந்து எனக்கு கேட் (CAD) டிராயிங் போட்டுக் குடு, பணம் உங்கப்பாகிட்ட தந்துடறேன்" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார், எனக்கும் பணம் தேவை. இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டேன். சொந்தமாக எடுத்துச் செய்யும் வேலைக்குத் தனி அனுமதி வேண்டும், அட்டையோடு வரும் பச்சைத் தாளில் உனக்கு அது இல்லை என்றார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

சின்னத் தேதிகளும் உண்டு. ஒவ்வொரு செமஸ்டருக்கும் பணம் கட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். இன்சூரன்ஸ் பாக்கி வைத்தாலும் அது பல்கலைக்கழகத்துக்குத் தெரிந்துபோகும். ஆறு மாதத்துக்கு மேல் ஜெர்மனிக்கு வெளியே தங்கினால், முன்கூட்டி அனுமதி வாங்காவிட்டால், பெர்மிட் தானாகவே செத்துப்போகும். பாஸ்போர்ட் முடியும் தேதியையும் பாருங்கள், அதற்கு மேல் அட்டை தர மாட்டார்கள்.

2025இல் அட்டையைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. இந்த முறை பத்து வாரம் முன்னாலேயே விண்ணப்பித்தேன். பணத்துக்கு மறுபடி பிளாக்டு அக்கவுண்ட் போடத் தேவைப்படவில்லை. ஒரு நிறுவனத்தில் மாணவர் வேலை கிடைத்திருந்தது, ஒப்பந்தமும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டும் போதுமானதாக இருந்தது. எடுத்த பாடங்களின் மதிப்பெண் பட்டியலும் கேட்டார்கள். மூன்றாவது வாய்ப்பில் பாஸான அந்தப் பாடமும் அதில் இருந்தது, அதிகாரி அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போனார். இருபது நிமிடத்தில் வெளியே வந்தேன்.

அதற்கு முன்னால், 2025 தை மாதம், ஊருக்குப் போயிருந்தேன். தங்கை வீட்டில் கல்யாண ஆல்பத்தைக் காட்டினார்கள். மாப்பிள்ளை ஒன்றும் பேசாமல் கையை நீட்டி, விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "போடுங்க மச்சான்" என்றார். போட்டுவிட்டேன். அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார்.

இப்போது எங்கள் விடுதியில் நம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அடுத்த வாரம் பொள்ளாச்சியிலிருந்து ஒரு தம்பி வருகிறான். அவன் பாஸ்போர்ட் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அவன் பெயரையும் அவன் அப்பாவின் பெயரையும் அதே எழுத்தில் இரண்டு லேபிளாக அச்சடித்து வைத்திருக்கிறேன். ஒன்று அழைப்பு மணிக்கு, ஒன்று தகரப் பெட்டிக்கு.